மரம் முதலில், தொட்டி கடைசியில்

சொந்தத்தில் யாராவது புது வீடு கட்டிக் குடிபோனால், பால் காய்ச்சிய கையோடு எனக்கு ஒரு போன் வரும். "செடி வைக்கலாம்னு இருக்கோம், என்ன வாங்கலாம்?" போய்ப் பார்த்தால் வாசலில் தொட்டிகள் ஏற்கெனவே வந்து இறங்கியிருக்கும். யானை முகம் பதித்த பீங்கான் தொட்டி, தங்கநிற பெயின்ட் அடித்த மண் தொட்டி, அதற்குள் நர்சரியில் பூத்திருந்ததைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிய ஏதோ ஒரு செடி. மரம்? "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், இடம் மிஞ்சினா."

இந்த வரிசைதான் எனக்கு ஒத்துவருவதில்லை. தொட்டியை நாளைக்கே நகர்த்தலாம். புதரைக்கூடப் பெயர்த்து வேறிடத்தில் வைக்கலாம். மரத்தை ஒன்றும் செய்ய முடியாது. எந்த ஜன்னலுக்கு வெயில் வரும், எந்தப் பக்கம் ஈரம் காயாது, எங்கே மல்லி பூக்கும், எங்கே பூக்காது என்பதையெல்லாம் மரம்தான் முடிவு செய்கிறது. அதனால் மரத்தை முதலில் தீர்மானித்துவிட்டு, அது விட்டுவைக்கிற வெயிலில் வாசனைச் செடிகளை வைத்து, மிச்சமிருக்கிற மூலைக்குத்தான் தொட்டி பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

பெரியப்பா மகன் ஒருவர், எனக்கு அண்ணன் முறை, கூடுவாஞ்சேரிப் பக்கம் அரை கிரவுண்டில் வீடு கட்டினார். 1200 சதுர அடி மனை. வீடு போக முன்னால் பத்தடி, பக்கவாட்டில் ஓர் ஆள் நடக்கிற சந்து, மேலே மொட்டைமாடி. நம்மூரில் பெரும்பாலோருக்கு வாய்ப்பது இவ்வளவுதான். அண்ணனுக்குக் குல்மொஹர் வேண்டும். அவர் படித்த பள்ளியில் இருந்ததாம், மே மாதத்தில் தரையெல்லாம் சிவப்பாகக் கிடக்குமாம். அண்ணிக்குப் பெங்களூருவில் பூத்துக் குலுங்குகிற இளஞ்சிவப்பு டபூபியா வேண்டும். வருஷா வருஷம் வாட்ஸ்அப்பில் அந்தப் படம் வந்துவிடுகிறதே.

இரண்டுக்கும் தலையாட்ட என்னால் முடியவில்லை. குல்மொஹர் மடகாஸ்கரிலிருந்து வந்த மரம். வேர் மேலாகவே ஓடும், கிளைகள் குடைபோல முப்பது நாற்பது அடிக்கு விரியும், கட்டை வலுவில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னைக்குள் நுழைந்தபோது விழுந்த ஆயிரக்கணக்கான மரங்களில் குல்மொஹரும் தூங்குமூஞ்சியும் மஞ்சள் பூப்பூக்கும் இயல்வாகையும் ஏராளம். வேகமாக வளர்ந்து நிழல் தருகிறது என்று தெருவெல்லாம் நட்ட மரங்கள் அவை. பத்தடி அகல முற்றத்தில் குல்மொஹர் வைத்தால் அது விழ வேண்டிய திசையில் ஒன்று நம் சன்ஷேடு இருக்கும், இல்லாவிட்டால் எதிர்வீட்டுக்காரர் கார் இருக்கும். டபூபியா விஷயம் வேறு. சென்னையில் அது பூக்காது என்றில்லை. ஆனால் மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கிற ஊரின் குளிர் முடிந்த உலர்ந்த வானிலையில் இலையே தெரியாமல் பூக்கிற காட்சியைக் கூடுவாஞ்சேரி வெக்கையில் எதிர்பார்க்கக் கூடாது.

"அப்ப சரக்கொன்றை?" என்றார் அண்ணன்.

நல்ல மரம். நம் மண்ணின் மரம். சித்திரையில் அந்த மஞ்சள் சரங்கள் தொங்குவதைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்ல மனசு வராது. ஆனால் வாங்குகிறவர்கள் யோசிக்காத ஒன்று உண்டு. பூப்பதற்கு முன்னால், மாசி பங்குனியில், அது இலையைக் கொட்டும். அதாவது வெயில் ஏறத் தொடங்கி, நிழல் வேண்டும் என்று நாம் தவிக்கிற நேரத்தில் மரம் குச்சியாக நிற்கும். தெற்கோ மேற்கோ பார்த்த வீட்டுக்கு வாசலில் ஒரே மரம்தான் என்றால் அது சரக்கொன்றையாக இருக்கக் கூடாது. இடம் தாராளமாக இருந்தால், இன்னொரு பசுமை மாறாத மரத்தோடு சேர்த்து வையுங்கள்.

அரை கிரவுண்டுக்கு ஒரே ஒரு மரம் என்றால் நான் முதலில் சொல்வது மகிழம். நிதானமாக வளரும். அதுதான் அதன் குறை, அதுதான் அதன் நல்ல குணமும். அடர்த்தியான கரும்பச்சை இலை, வருஷம் முழுக்க நிழல், கட்டை கெட்டி, கடற்காற்றையும் தாங்கும். வெட்டிவிட்டு உருண்டையாகவும் வைத்துக்கொள்ளலாம். பூ சட்டைப் பொத்தான் அளவுதான், வெளிர் வெள்ளை, நடுவில் துளையுள்ள சின்னச் சக்கரம். மரத்தில் இருக்கும்போது கண்ணுக்கே தெரியாது. விடிகாலையில் தரையில் கிடக்கும். பொறுக்கி ஊசியில்லாமலே நாரில் கோக்கலாம், நடுவில்தான் துளை இருக்கிறதே. காய்ந்த பிறகும் மணம் போகாது என்பதால் அந்தக் காலத்தில் துணி வைக்கும் பெட்டியில் போட்டு வைப்பார்கள். திருவொற்றியூர் கோயிலில் சுந்தரர் சங்கிலி நாச்சியாருக்கு, பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தது மகிழ மரத்தடியில்தான். சன்னதியில்தான் சத்தியம் கேட்பார்கள், இறைவன் அங்கே இல்லாவிட்டால் அது கட்டாது என்று நினைத்து, இறைவனை மகிழ மரத்துக்கு இடம் மாற்றி இருக்கச் சொல்லி முன்கூட்டியே வேண்டிக்கொண்டாராம். அந்தப் பக்கம் சங்கிலியாரின் கனவில் போய் மகிழடியிலேயே சத்தியம் வாங்கு என்று சொல்லிக் கொடுத்தவரும் அதே இறைவன்தான். மரத்தடியில் ஏதாவது வாக்குக் கொடுக்கப் போகிறவர்கள் பார்த்துக்கொள்ளவும்.

ஆரஞ்சு நிறத்தில் பழம் விழும், குயிலும் வௌவாலும் வரும், வாசலைப் பெருக்க வேண்டியிருக்கும். அண்ணி அதைக் கேட்டு முகம் சுளித்தார். பெருக்கவே கூடாது என்றால் பிளாஸ்டிக் மரம்தான் வைக்க வேண்டும்.

மகிழத்துக்கும் இடமில்லை என்றால் மந்தாரை, பன்னீர், இல்லாவிட்டால் பவழமல்லியை ஒற்றைத் தண்டாக வளர்த்து மரமாக்குவது. ஈசிஆர் ஓரம் உப்புத்தண்ணீர் வருகிற இடமென்றால் பூவரசும் புன்னையும் தாக்குப்பிடிக்கும். மயிலாப்பூர் கோயிலின் தலமரமே புன்னைதான், கடலோர ஊருக்குத் தெரிந்தே தேர்ந்தெடுத்த மாதிரி. ஆனால் புன்னைக்கு இடம் அதிகம் வேண்டும். மரமல்லியை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நெட்டையாக, இரவெல்லாம் வெள்ளைப் பூ உதிர்த்து, அழகுதான். காற்றுக்கு முறியும், வேரிலிருந்து கன்று கிளம்பிச் சுவரோரமெல்லாம் வரும். தெருவில் நிற்கட்டும், போகும்போது வாசம் பிடித்துக்கொள்வோம்.

நெட்டிலிங்கத்தை மதில் ஓரம் வரிசையாக நடுவது இப்போது குறைந்திருக்கிறது. அந்த இடத்தைக் கோனோகார்பஸ் பிடித்துக்கொண்டது. பச்சைச் சுவர் மாதிரி மளமளவென்று வரும். குஜராத் 2023-இலேயே தடை செய்தது, தமிழ்நாடு அரசும் 2025 ஜனவரியில் தடை போட்டது. இன்னும் யாராவது "சார், ரெண்டே வருஷத்துல மாடி உயரம்" என்று நீட்டினால் வாங்காதீர்கள். பொதுவாகவே, "சீக்கிரம் வளரும்" என்பதை நர்சரியில் பாராட்டாகச் சொல்கிறார்கள். நான் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்கிறேன்.

நர்சரி என்றதும் ஒன்று. சென்னையைச் சுற்றியுள்ள நர்சரிகளுக்கு வருகிற செடிகளில் பெரும்பகுதி ஆந்திராவில் ராஜமுந்திரி பக்கத்திலுள்ள கடியத்திலிருந்து லாரியில் வருவது. கோதாவரிக் கரை களிமண்ணில் வளர்ந்தவை. அந்த உருண்டையை அப்படியே நம் செம்மண்ணில் புதைத்தால் சுற்றியுள்ள மண் காய்ந்தும் உருண்டை மட்டும் சொதசொதவென்று இருக்கும், இல்லாவிட்டால் தலைகீழாக. வேர் உருண்டையை விட்டு வெளியே வரவே யோசிக்கும். வெளிப்பக்கக் களிமண்ணை விரலால் மெதுவாக உதிர்த்துவிட்டு நடுவது நல்லது. மரக்கன்று வாங்கும்போது இலையைப் பார்ப்பதைவிடப் பையின் அடியைப் பாருங்கள். பென்சில் தடிமனுக்கு வேர் வெளியே வந்திருந்தால் அது அந்தப் பைக்குள் ரொம்ப நாள் சுருண்டு கிடந்த கன்று. சுருண்ட வேர் மண்ணுக்குள் போனாலும் சுருண்டபடியே தடிக்கும். பத்து வருஷம் கழித்து ஒரு புயலில் மரம் சாய்ந்த பிறகுதான் தெரியவரும். ஆளுயரக் கன்றுக்குக் கொடுக்கிற காசில் இடுப்புயரக் கன்று இரண்டு வாங்கலாம். சின்னதுதான் சீக்கிரம் வேர் பிடித்துப் பெரியதை எட்டிவிடும்.

சரி, வாசனைக்கு வருவோம். எனக்கு இதில்தான் ஆசை அதிகம்.

வாசனைச் செடியை எல்லோரும் அழகுச் செடியைப் போலக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைக்கிறார்கள். கேட்டுக்கு இரண்டு பக்கமும் மல்லி. வாசம் யாருக்கு? தெருவில் போகிறவர்களுக்கு. காற்று எந்தப் பக்கமிருந்து எப்போது வருகிறது என்று பார்த்து வைத்தால்தான் வீட்டுக்குள் வரும். சென்னையில் மல்லி சீசன் பங்குனியிலிருந்து ஆனி வரை, மார்ச்சிலிருந்து ஜூன். மல்லி மொட்டு அவிழ்வது சாயங்காலம். அந்த மாதங்களில் மதியத்துக்கு மேல் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து ஏறும். அப்படியானால் மல்லிப் பந்தலுக்கு இடம் வீட்டின் தென்கிழக்கு, நீங்கள் சாயங்காலம் உட்காருகிற ஜன்னலுக்கு முன்னால். பவழமல்லி ஆவணி தொடங்கி மார்கழி வரை பூக்கும். ஐப்பசிக்கு மேல் வடகிழக்குக் காற்று. அதற்கு வடக்கும் கிழக்கும் சேர்கிற மூலை. கோயம்புத்தூரில் இதெல்லாம் அப்படியே மாறிவிடும், அங்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று வரும். உங்கள் ஊரில் எப்படி என்பதைக் கொடியில் காய்கிற துணி சொல்லிவிடும்.

மல்லிக்கு வெயில் வேண்டும். தினம் ஆறு மணி நேரமாவது நேர்வெயில் இல்லாத இடத்தில் இலைதான் வரும். பலர் வீட்டில் மல்லி பூக்காததற்குக் காரணம் உரக்குறைவு இல்லை, பக்கத்து வீட்டு மாடிதான். இன்னொரு காரணம் வெட்டப் பயப்படுவது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கவாத்து செய்யச் சொல்கிறது. முல்லைக்கு ஜனவரி கடைசி. ஒன்றரை அடி என்றால் செடி மொட்டையாகத்தான் தெரியும். வீட்டுப் பெரியவர்கள் திட்டுவார்கள். வெட்டிய இடத்திலிருந்து வருகிற புதுத் தளிரில்தான் மொட்டு வைக்கும், பழைய குச்சியில் வைக்காது. மதுரைப் பக்கத்து விவசாயிகள் இப்படித்தான் எடுக்கிறார்கள். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தத் தடித்த இதழும் நெடுநேரம் நிற்கிற மணமும் அந்த மண்ணுக்கே உரியவை. சென்னையில் வைத்தால் மல்லி வரும், மதுரை வராது.

புது வீட்டுக்காரர்களுக்கென்று தனியாக ஒரு வில்லங்கம் உண்டு. கட்டி முடித்தபின் மிஞ்சிய சிமென்ட் கலவை, செங்கல் துண்டு, சுண்ணாம்பு எல்லாவற்றையும் முன்வாசலிலேயே நிரவி, மேலே அரையடிச் செம்மண் கொட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அண்ணன் வீட்டிலும் கடப்பாரை போட்ட இடத்திலெல்லாம் டங் என்றது. அந்தச் சுண்ணாம்புச் சத்தில் மல்லிக்கு இரும்புச்சத்து எட்டாது. நரம்பு பச்சையாக இருக்க, இளம் இலை மஞ்சளாக வெளுக்கும். பார்த்ததும் உரம் போதவில்லை என்று யூரியாவைக் கொட்டுகிறார்கள். தேவை அன்னபேதி உப்பு, அதாவது இரும்பு சல்பேட். லிட்டருக்கு ஐந்து கிராம் கரைத்து இலையில் தெளித்தால் பச்சை திரும்பும். ஆனாலும் குழியை இரண்டடிக்கு இரண்டடி தோண்டி இடிபாட்டை அள்ளிவிட்டு நல்ல மண் நிரப்புவதுதான் ஒழுங்கான வேலை.

பவழமல்லிக்குப் பாதி வெயில் போதும். அதன் பூ சாயங்காலம் அவிழ்ந்து விடிவதற்குள் உதிர்ந்துவிடும் என்பதால், அடியில் சிமென்ட் தரையோ சாணி மெழுகிய மண்ணோ இருந்தால் பொறுக்கலாம். புல் இருந்தால் பூ போச்சு. செண்பகம் வாங்குவதானால் ஒட்டுக்கன்று. ஓரிரு வருஷத்தில் பூத்துவிடும். விதைக்கன்று பூக்க ஏழெட்டு வருஷம்கூட ஆகலாம், அதற்குள் அது மாடியைத் தாண்டிவிடும், பூவைப் பறிக்க ஏணி வேண்டும். மனோரஞ்சிதம் பச்சையாக இருக்கும்போது ஒன்றும் தெரியாது, மஞ்சளாகப் பழுத்த பிறகு பழுத்த பழ வாசம் வீசும். பூவையே காணோமே என்று இலைகளுக்குள் தேட வைக்கும். அது கொக்கி போட்டு ஏறுகிற கொடி, கம்பிப் பந்தல் இல்லாமல் வைக்காதீர்கள்.

"மனோரஞ்சிதம் வெச்சா பாம்பு வருமே" என்றார் அண்ணி. பாம்பு பூவை முகர வருவதில்லை. எலிக்கும் தவளைக்கும் வருகிறது, ஒளிய அடர்த்தியான புதர் இருந்தால் தங்குகிறது. அடியை ஒரு முழத்துக்குக் கழித்துவிட்டுத் தரை தெரியும்படி வைத்தால் எந்தச் செடியும் ஒன்றுதான்.

பயப்பட வேண்டியவை வேறு. அரளியின் எல்லாப் பாகமும் விஷம், மஞ்சள் அரளி விதை இன்னும் மோசம். கேரளத்தில் 2024-இல் ஓர் இளம்பெண் இறந்ததற்குப் பிறகு தேவஸ்வம் போர்டுகள் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவை நிறுத்தின. தவழுகிற குழந்தை இருக்கிற வீட்டில் அரளிக்குப் பதில் நந்தியாவட்டையோ செம்பருத்தியோ வைக்கலாம். நந்தியாவட்டைப் பாலையும் வாயில் வைக்க விடக் கூடாது, ஆனால் அரளி அளவுக்கு இல்லை. ராத்ராணியைப் படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே வைக்கச் சொல்கிறவர்கள் அதை ஒரு புழுக்கமான ராத்திரி முழுக்க முகர்ந்து பார்த்திருக்க மாட்டார்கள். மொட்டைமாடியின் தூர மூலையில் இருந்தால் சொர்க்கம், தலைமாட்டில் இருந்தால் தலைவலி.

இனி தொட்டி. இதில் எனக்குப் பிடிவாதம் அதிகம், மண் தொட்டிதான். காரணம் பழமை மோகம் இல்லை. மண் தொட்டியின் சுவர் தண்ணீரைக் கசியவிடும், கசிந்தது ஆவியாகும்போது தொட்டி குளிரும். மே மாதத்து மொட்டைமாடியில் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டிக்குள் கையை விட்டுப் பாருங்கள், வேர் என்ன பாடுபடும் என்று தெரியும். ஆனால் மண் தொட்டிக்குத் தினம் தண்ணீர் ஊற்ற வேண்டும், சில நாள் இரண்டு வேளை. ஊருக்கு அடிக்கடி போகிறவர்கள் தாராளமாகக் குரோ பேக் வாங்கலாம், வெளிர் நிறமாகப் பார்த்து. சிமென்ட் தொட்டி என்றால் ஒரு வாரமாவது தண்ணீர் நிரப்பி வைத்து, மாற்றி மாற்றிக் கொட்டி, சுண்ணாம்பு இறங்கின பிறகு மண் போடுங்கள்.

மண் தொட்டி வாங்கும்போது கவிழ்த்துவிட்டு விரல் முட்டியால் தட்ட வேண்டும். கணீரென்று கேட்டால் நன்றாக வெந்தது. மொத்தென்று கேட்டால் ஒன்று விரிசல், இல்லை அரைவேக்காடு. அரைவேக்காட்டுத் தொட்டி ஒரு மழைக்காலத்தில் விளிம்பிலிருந்து உதிர ஆரம்பித்துவிடும். மானாமதுரைத் தொட்டிகள் கடத்துக்கும் பேர் போன மண்ணில் செய்தவை, தட்டினால் அந்த நாதம் வரும். 2023-இல் அந்த ஊர் மண்பாண்டத்துக்கும் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அப்புறம் அடியில் ஓட்டை. சூளைக்குப் போகும் முன்பே, பச்சை மண்ணிலேயே போட்ட ஓட்டையாக இருக்க வேண்டும், கட்டைவிரல் நுழைகிற அளவு. "ஓட்டை இல்லேன்னா என்ன சார், டிரில்லிங் மெஷின் வெச்சுப் போட்டுத் தரேன்" என்றால் வேண்டாம், அன்றைக்கே விடாவிட்டாலும் பிறகு விரிசல் விடும். வயிறு பெருத்து வாய் சிறுத்த தொட்டி கண்ணுக்கு லட்சணம். செடியை மாற்றி நடும்போது உடைத்துத்தான் எடுக்க வேண்டும். வாய் அகன்று அடி ஒடுங்கியதே செடிக்குத் தோது. பெயின்ட் அடித்தது வேண்டாம். மண் தொட்டி வாங்குவதே அது கசியட்டும் என்றுதான், அதன்மேல் எனாமல் பூசினால் பிளாஸ்டிக்கே வாங்கியிருக்கலாம்.

அடியில் ஒரு சாண் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். வடியாது. மண்ணில் நிற்கிற ஈரம் ஜல்லிக்கு மேலேயே தேங்கி நிற்கும், வேருக்கு இருக்கிற இடம்தான் குறையும். ஓட்டையின் மேல் ஓர் ஓட்டுச் சில்லைக் கவிழ்த்து வைத்துவிட்டு மேல் வரை கலவையே போடலாம். செம்மண், தொழு உரம், மணல் சம அளவு, மாடிக்கென்றால் மணலில் பாதிக்குப் பதில் தென்னை நார்க்கழிவு.

எடை என்று ஒன்று இருக்கிறது, அதையும் யோசிக்க வேண்டும். பன்னிரண்டு அங்குலத் தொட்டி ஒன்று மழையில் நனைந்தால் இருபத்தைந்து முப்பது கிலோ வரும். ஆட்கள் நடமாடுகிற மொட்டைமாடியைச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ சுமைக்குத்தான் இந்தியத் தரநிலைப்படி கணக்குப் போடுகிறார்கள். நடுமாடியில் கூட்டமாக அடுக்காமல், பீமும் சுவரும் ஓடுகிற ஓரமாக வையுங்கள். கைப்பிடிச் சுவரின் மேல் மட்டும் எதையும் வைக்காதீர்கள். ஐப்பசி கார்த்திகையில் காற்று தள்ளினால் கீழே நிற்பது யார் தலையோ. அடித்தட்டு வைத்தால் வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்க்க வேண்டும். டெங்கு கொசுவுக்கு ஒரு மூடித் தண்ணீரும் ஒரு வாரமும் போதும்.

அண்ணன் கடைசியில் மகிழங்கன்று ஒன்று நட்டார், இடுப்புயரம். தென்கிழக்கு மூலையில் குண்டுமல்லி. சந்துக்குள் வெயில் படாத இடத்தில் ஒன்றும் வைக்கவில்லை, சைக்கிள் நிறுத்துகிறார்கள். மாடியில் காகிதப்பூ, அதற்கு மணமில்லை, ஆனால் தண்ணீரைக் கொஞ்சம் காயப்போட்டால்தான் பூக்கும் என்பதால் ஊருக்குப் போகிறவர்களுக்கு வசதி.

ரோஜா வேண்டும் என்பவர்களுக்கு: ஓசூர்க் குளிரில் வளர்ந்த பெரிய பூ ரகங்கள் வாங்கி வந்த வாரம் சிரிக்கும், சித்திரையில் காயும். சமவெளிக்குப் பன்னீர் ரோஜாதான், இதழ் லொடலொடவென்று இருந்தாலும் மணம் அதில்தான். ஒட்டுக்குக் கீழேயிருந்து ஏழு இலையோடு ஒரு கொம்பு கொழுகொழுவென்று கிளம்பினால் சந்தோஷப்படாமல் அடியோடு கிள்ளிவிடுங்கள், அது உங்கள் ரோஜா இல்லை.